ஞாயிற்றுக்கிழமைச் சாவி

“இன்னும் ஒரே தம், தள்ளுங்க!” என்று சித்தப்பா குரல் கொடுத்தார். நான்கு ஆண்கள் பெரியம்மாவின் பின்புறத்தில் தோளை வைத்து முக்கினார்கள். பெரியம்மா ஒரு முழம் ஏறினாள், யோசித்தாள், பிறகு வந்த வழியே இறங்கிவிட்டாள். சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மதிலில் சாய்ந்தார்.

பெரியம்மா என்பது கார். அப்பாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு ஐந்து வருடம் முன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டது. புதுப்பெண்ணாக வந்து இறங்கிய அம்மா, அவர் அதைத் துடைக்கிற அழகைப் பார்த்துவிட்டு, “எனக்கு ஒரு மூத்தாள் இருக்காள்னு யாரும் சொல்லவே இல்லையே” என்றாளாம். பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது. அம்மாவுக்கு மூத்தாள் என்றால் பிள்ளைகளுக்குப் பெரியம்மாதானே. மகளும் தம்பியும் அப்படியே கூப்பிட்டு வளர்ந்தார்கள்.

இன்று அந்தப் பெரியம்மா வாசல் கேட்டுக்கு நடுவில், பாதி உள்ளே பாதி வெளியே, மூக்கைத் தெருவுக்கு நீட்டியபடி நின்றாள். வீட்டிலிருந்து தெருவுக்கு ஏற்றமான பாதை. இரண்டு பக்கமும் மதில். பின்னால் இறக்கிவிட்டால் வீட்டு வாசற்படியை அடைத்துக்கொள்ளும். மேலே ஏற்றினால்தான் வழி. மதியம் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது துணியில் வைத்து, காருக்கும் மதிலுக்கும் நடுவே ஆளைச் சாய்த்துப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது சவப்பெட்டியில் போக வேண்டும். அதைச் சாய்க்க முடியாது. நாலு மணிக்கு வண்டி வந்துவிடும்.

“தள்ள வேண்டாம். நான் பாக்கிறேன்” என்றாள் மகள்.

தம்பி திரும்பினான். காலையிலிருந்து அழுது அவன் கண் இரண்டும் வீங்கியிருந்தன. “நீ பாத்த வரைக்கும் போதும்க்கா” என்றான்.

கூடத்திலிருந்தவர்கள் எல்லாருக்கும் அது கேட்டிருக்கும். பத்து மணிக்கு அவள் பஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து அவன் இதைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். காலை ஆறு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. அம்மாவும் அவனுமாக அவரைப் பின் இருக்கையில் ஏற்றினார்கள். கார் கிளம்பியது, இருமியது, கேட் வரைக்கும் ஏறியது, நின்றுவிட்டது. அதற்கப்புறம் சாவியை என்ன திருப்பியும் எஞ்சின் பிடிக்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரரை எழுப்பி, அவர் தன் வேனை எடுத்து, அப்பாவைத் தூக்கி மாற்ற, பன்னிரண்டு நிமிடம். ஆஸ்பத்திரியில், வருகிற வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

“பன்னெண்டு நிமிஷம்” என்று வருகிறவர்களிடமெல்லாம் தம்பி சொன்னான். “பச்சை லைட்டு மட்டும் ஜம்முனு எரியுது. கார் கிளம்பலை. அக்கா மாட்டின டப்பா.”

யாராவது மறுத்துப் பேசுவார்கள் என்று அவள் பார்த்தாள். அம்மாவாவது, இந்த நேரத்தில் அதெல்லாம் எதுக்குடா என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவருடைய சட்டைக் காலரையே சரிசெய்துகொண்டிருந்தாள். ஒரு காலரை எத்தனை தடவைதான் சரிசெய்வது!

டப்பா அவள் மாட்டியதுதான். அவளுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்டுகளின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுதுபார்ப்பவள். பதினாலு மாடியை ஏற்றி இறக்குகிற சாமானை எல்லாம் சரிசெய்கிறோம், அப்பா இன்னும் பாயிண்ட் வைத்த காரோடு மல்லுக்கட்டுகிறாரே என்று அவளுக்கு ஆற்றாமை. பாயிண்ட் என்பது, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் இருக்கிற இரண்டு சின்ன உலோகப் பொட்டு. எஞ்சின் சுற்றச் சுற்ற அவை ஒட்டும், பிரியும். பிரிகிற ஒவ்வொரு முறையும் பிளக்குக்குப் பொறி போகும். ஒட்டிப் பிரிந்தே கரி பிடிக்கும், தேயும், இடைவெளி மாறும். அதனால் அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல், பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்பே, கார் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைத் தேய்த்துச் சரிசெய்வார். நாற்பது வருடத்துக்கு மேலாக அதே வேலை.

போன வருடம் விடுமுறையில் வந்தபோது அவள் எலக்ட்ரானிக் இக்னிஷன் ஒன்றை வாங்கிவந்தாள். பாயிண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சென்சார். அதிலிருந்து வயர் வந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் திருகிவைக்கிற ஒரு கறுப்பு டப்பாவில் சேரும். டப்பாவில் பச்சை விளக்கு. தேய்மானமே கிடையாது, தொடவே வேண்டாம்.

“பாயிண்ட்னா போறதுக்கு முன்னாடி சொல்லும்மா” என்றார் அப்பா. “திக்கும், இருமும், ரெண்டு வாரம் முனகும். உன் டப்பா சொல்லாம கொள்ளாம போயிடும்.”

“லிஃப்ட்ல எல்லாம் இதுதான்ப்பா. ஊரே நம்புது.”

“லிஃப்ட் நின்னா உள்ள இருக்கிறவன் மணி அடிப்பான். நடு ரோட்டுல நான் எந்த மணியை அடிக்கிறது?”

அவர் பேச்சுக்கு அவள் சிரித்தாளே தவிர விடவில்லை. இரண்டு மணி நேர வேலை. சாவியைப் பாதி திருப்பும்போதே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்பா கையைத் தட்டி, “அடேங்கப்பா, மூத்தாளுக்கு வயசு திரும்பிடுச்சு!” என்றார். கழற்றிய பாயிண்டை அவள் குப்பைக் கூடையில் போடப்போனபோது மட்டும் கையை நீட்டினார். “அதை ஏன் போடறே, இப்படிக் குடு” என்று வாங்கி, பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் போனில் பேசும்போதெல்லாம், கேட்காமலே, “உன் டப்பா ஜோரா ஓடுதும்மா” என்பார். ஊருக்கு வந்தால் அவள் முதலில் கார் மூடியைத் தூக்கி அந்தப் பச்சை விளக்கைத்தான் பார்ப்பாள். எரியும். மனசு நிறைந்துவிடும்.

இப்போது அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த டப்பாதான் காரணமா, இல்லையா? இல்லையென்று தெரிந்துவிட்டால் போதும், மற்ற எதையும் தாங்கிக்கொள்ளலாம். அப்பா போனதைக்கூட உட்கார்ந்து அழலாம். இன்னும் அவளுக்குச் சரியாக அழுகை வரவில்லை. அழுகைக்கு முன்னால் இந்தக் கேள்வி குறுக்கே நின்றது, கேட்டில் அந்தக் கார் நிற்கிற மாதிரி.

“விடுடா, அவ ஒரு தடவை பாக்கட்டும்” என்றார் சித்தப்பா, இடுப்பைத் தேய்த்தபடி. “இல்லேன்னா இன்னைக்கு ரெண்டு பேரைத் தூக்க வேண்டியிருக்கும்.” அவருக்கே தன் வேடிக்கை பிடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களை உள்ளே கூட்டிப்போனார். தம்பியும் போனான்.

அவள் காருக்கும் மதிலுக்கும் நடுவே ஒருக்களித்து முன்பக்கம் போய், கார் மூடியைத் தூக்கி நிறுத்தினாள். ஜன்னல் வழியாகக் கையைவிட்டுச் சாவியை ஒரு கட்டம் திருப்பி வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் டப்பாவுக்குக் கரண்ட் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். அப்படியென்றால் சென்சார் போயிருக்கலாம். சென்சார் என்றாலும் அவள் மாட்டியதுதானே. சாவியை அணைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் நெம்பி, மூடியை எடுத்தாள்.

உள்ளே சென்சார் இல்லை. பாயிண்ட் இருந்தது.

போன வருடம் அவள் கழற்றிக் கொடுத்த அதே பாயிண்ட். பக்கவாட்டில் அப்பா எப்போதோ அரத்தால் போட்ட கீறல்கூட அப்படியே இருந்தது. அவள் வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். டப்பாவிலிருந்து வருகிற வயர்களில் இரண்டு, கறுப்பு டேப் சுற்றிப் பத்திரமாக மடித்துக் கட்டப்பட்டிருந்தன. எதிலும் சேரவில்லை. விளக்குக்குப் போகிற ஒரே ஒரு வயரை மட்டும் விட்டுவைத்திருந்தார். அவள் வந்து பார்க்கும்போது எரிய வேண்டுமே, அதற்காக.

காரணம் என் டப்பா இல்லை. முதலில் அவளுக்கு வந்தது அந்த நினைப்புதான், தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிய மாதிரி. அடுத்த நிமிடம் அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. அதற்கும் அடுத்து, கோபம். ஒரு வருஷமா ஏமாத்திட்டீங்களேப்பா! ஜோரா ஓடுதுன்னு சொல்லிச் சொல்லியே. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே, நான் என்ன கடித்துக் குதறிவிடுவேனா?

பாயிண்டை உற்றுப் பார்த்தாள். இரண்டு பொட்டும் கரியாகி, ஒன்றோடொன்று ஏறக்குறைய ஒட்டியே இருந்தன. இடைவெளி போய்விட்டது. பொறி எப்படி வரும்? ஐந்து நிமிட வேலை. இப்போதே தம்பியைக் கூப்பிட்டுக் காட்டலாம். வாடா, வந்து பார், யார் மாட்டியது என்று நீயே பார். வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பாயிண்டைச் சரிசெய்ய ஓர் ஆள் போதாது. எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றவைத்து, பொட்டுகள் நன்றாகப் பிரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒருவர் இங்கே குனிந்து பார்க்க, இன்னொருவர் உள்ளே சாவியோடு உட்கார வேண்டும். சின்ன வயதில் சீக்கிரம் எழுந்துவிட்ட சில தடவை அவள் உட்கார்ந்திருக்கிறாள். தம்பிக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. அப்படியானால் இந்த ஒரு வருடமாக உள்ளே உட்கார்ந்தது யார்?

“இந்தா.”

அம்மா பக்கத்தில் நின்றாள். கையில் தீப்பெட்டி.

“எதுக்கும்மா இது?”

அம்மா தீப்பெட்டியை மகளின் கையில் வைத்துவிட்டு, மதிலோரமாக நகர்ந்து, ஓட்டுநர் கதவைத் திறக்கிற அளவுக்குத் திறந்து உள்ளே நுழைந்து உட்கார்ந்தாள். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்து மகள் பார்த்ததே இல்லை. ஆனால் அம்மா தேடாமல் கையைக் கொண்டுபோனாள், சாவி ஒரு கட்டம் திரும்பியது, டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. தூக்கி நிறுத்திய கார் மூடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

“ஒரு தட்டா, ரெண்டு தட்டா?”

மகள் பொட்டுகளின்மேல் குனிந்தாள். சாவியைத் திருப்பியதும் உடனே விட்டால் அது ஒரு தட்டு, அப்பா வைத்த கணக்கு.

“ஒண்ணு” என்றாள்.

எஞ்சின் ஒரு முறை ‘க்ரக்’ என்று நகர்ந்து நின்றது. கூடக் குறைய இல்லாமல், எந்த இடத்தில் வேண்டுமோ அதே இடத்தில். மகள் சாவியை அணைக்கச் சொல்லிவிட்டு, தீப்பெட்டியின் மருந்துப் பட்டையைக் கிழித்துப் பொட்டுகளுக்கு நடுவே செருகித் தேய்க்க ஆரம்பித்தாள்.

“எப்பம்மா கழட்டினார்?”

“மூணு ஞாயித்துக்கிழமை பொறுத்தார். நாலாவது வாரம் கழட்டிட்டார்.”

“ஏன்? நல்லாத்தானே ஓடுச்சு?”

“நல்லாத்தான் ஓடுச்சு. அதான்.” பிறகு அம்மா சொன்னாள்: “இந்த மூடியைத் தூக்கிட்டா அவர் முகம் எனக்குத் தெரியாது. என் முகம் அவருக்குத் தெரியாது. அப்பத்தான் அவருக்கு வாய் தொறக்கும். உன் படிப்பு, அவன் வேலை போனது, எல்லாம் பேசினது இங்கதான். உனக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு பிள்ளை தங்காம போச்சே, அதுக்கு உங்கப்பா அழுததும் இங்கதான். மூணு வருஷம் கழிச்சு. குனிஞ்சு தேச்சுக்கிட்டே அழுதார். நான் உள்ள சாவியப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

மகள் தேய்த்தாள். பட்டை கறுத்துப்போயிற்று. அதை எடுத்துவிட்டு இன்னொரு துண்டைக் கிழித்தாள்.

“டப்பா வந்ததும் வேலை இல்லாம போச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். என்னடி பண்றதுன்னு என்னைக் கேப்பார். எனக்கும் என்ன பண்றதுன்னு தெரியலை. வீட்டுக்குள்ள எதிரெதிரா உக்காந்து என்னத்தைப் பேச? அவளுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும், சொல்லாதேன்னார். சொல்லலை.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்மா.”

“ம்.”

கூடத்தில் யாரோ புதிதாக வந்து அழுகிற சத்தம் கேட்டது. “ஒரு நோவுன்னு சொன்னதில்லையே மனுஷன், சொல்லாம கொள்ளாம போயிட்டாரே” என்று ஒரு பெண்குரல். சத்தம் அடங்குகிறவரை அம்மா காத்திருந்தாள்.

“போன ஞாயித்துக்கிழமை கூப்பிட்டார்” என்றாள். “ரெண்டு வாரமா திக்குது, வந்து சாவியப் பிடின்னார். நான் துணியை ஊற வச்சிருந்தேன். அடுத்த வாரம் பாத்துக்கலாம், மூத்தாள் எங்க ஓடிடப்போறாள்னு சொன்னேன். சரின்னு போய்ப் பேப்பர் படிச்சார்.”

மகளின் கை நின்றுவிட்டது.

“காலையில அவன் சாவியத் திருப்பிக்கிட்டே இருக்கான். உங்கப்பா தலை என் மடியில. என்னையே பாக்கிறார். பாயிண்டுன்னு ஒரு வார்த்தை எனக்கு வரலைடி. தீப்பெட்டி அடுப்பு மேலதான் இருக்கு. நாப்பது வருஷமா உக்காந்தவளுக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலை. அப்புறம் அவன் உன்னைப் பேசறப்ப எல்லாம் ஞாபகம் வருது. வந்தும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். பெத்த பொண்ணைப் பேசவிட்டுட்டு.”

அம்மா அழுகிறாளா என்று தெரியவில்லை. நடுவில் கார் மூடி இருந்தது. மகள் அழுதாள். காலையிலிருந்து வராதது இப்போது வந்தது, மூக்கும் கண்ணும் ஒழுக, துடைக்கக் கை இல்லாமல். இரண்டு கையும் கரி.

“நான் அவன்கிட்டச் சொல்லிடறேன்” என்றது குரல்.

மகள் தீப்பெட்டியின் உள்தட்டைக் கிழித்து அந்த அட்டையைப் பொட்டுகளுக்கு நடுவே நுழைத்தாள். அந்த அட்டைதான் அப்பாவின் அளவு. திருகாணியைத் தளர்த்தி, அட்டை இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வருகிற அளவுக்கு நகர்த்தி, மறுபடி முறுக்கினாள். மூடியைப் பொருத்தி இரண்டு கிளிப்பையும் அழுத்தினாள்.

“போடும்மா” என்றாள். “முழுசா.”

எஞ்சின் இரண்டு முறை முக்கி, ஒரு முறை உதறி, பிடித்துக்கொண்டது. காரின் உடம்பு முழுக்கக் குலுங்கியது, பிறகு சீராயிற்று. கூடத்தில் பேச்சு நின்றுபோனது. தம்பிதான் முதலில் ஓடிவந்தான். மதிலோரமாக நுழைந்து, தூக்கிய மூடிக்கு அடியில் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான். எஞ்சினைப் பார்த்தான், பச்சை விளக்கைப் பார்த்தான். ஓட்டுநர் இருக்கையில் யார் என்று அவன் கவனிக்கவில்லை.

“என்னக்கா கோளாறு?”

அவள் கறுத்த பட்டைகளை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஒழுங்காகப் பூட்டியிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவன் இந்த ஜென்மத்தில் திறந்து பார்க்கப்போவதில்லை.

“என் டப்பாதான்டா” என்றாள். “உள்ள ஒரு வயர் விட்டுப்போச்சு. நான் மாட்டினப்பவே சரியா மாட்டலை.”

தம்பி அவளைப் பார்த்தபடி நின்றான். இவ்வளவு நேரம் அவன் சொல்லிக்கொண்டிருந்ததுதான். ஆனால் அவள் வாயாலேயே கேட்டதும் அவனால் தாங்க முடியவில்லை. உதடு கோணியது. “பன்னெண்டு நிமிஷம்க்கா” என்றான், இந்த முறை குழந்தை மாதிரி.

“தெரியும்டா.”

“டேய்” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் எழுந்தது. “டேய், இங்க பாரு, அவ இல்லடா...”

மகள் கார் மூடியை இழுத்து ஓங்கிச் சாத்தினாள். மதில்மேல் இருந்த காக்கை பறந்தது. மூடி இறங்கியதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் முகம் முழுசாகத் தெரிந்தது, நனைந்து, வாய் பாதி திறந்தபடி. மகள் அவளைப் பார்த்து இல்லையென்று தலையை மட்டும் அசைத்தாள்.

அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

“நீ என்னம்மா இங்க உக்காந்திருக்கே?” என்று தம்பி கதவருகே போனான். “தள்ளிக்கோ, நான் எடுக்கிறேன். வண்டி வர்ற நேரம்.”

அம்மா பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தாள். தம்பி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்து, கியரைப் போட்டு, கார் ஏற்றத்தில் நகர ஆரம்பிக்கும்வரை அவள் சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை.